ஆற்றோடு போனவருக்கு ஒரு விழா

விழா நாள் காலையில் அம்மா பின்கதவுக்கு இரண்டாவது தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

மூத்த மகள் பெரியவள் ஈரத் தலையோடு நின்று அதைப் பார்த்தாள். அந்தக் கதவுக்கு எப்போதும் ஒரு தாழ்ப்பாள்தான் உண்டு. இரண்டாவது, நேற்று அம்மாவே கடைக்குப் போய் வாங்கிவந்து திருகாணி முடுக்கியது. மரத்தூள் இன்னும் தரையில் கிடந்தது.

"எதுக்கும்மா இது?"

"காத்து அடிச்சா கதவு ஆடுது."

வெளியே ஒரு இலை அசையவில்லை.

போன வாரம் பாட்டுக்காரர் விழாவின் ஒத்திகையில் கேட்ட பாட்டுதான் இத்தனைக்கும் காரணம். வெளியூர் லாரி டிரைவர் ஒருவர், தாடிக்காரர், "உங்க பாட்டுக்காரரோட பாட்டு ஒண்ணு எனக்குத் தெரியும், நீங்க யாரும் கேட்டிருக்க மாட்டீங்க" என்று சொல்லி மைக்கைப் பிடித்தார்.

மஞ்ச வெளக்கு வரிசையில
மாலை போட்ட பாலமே,
அஞ்சு காலும் ஆத்துக்குள்ள
ஆரைத் தேடி நிக்கிறே?

கடைசி அடியில் காற்றை 'காத்தண்ணே' என்று கூப்பிட்டு முடித்தார். பாட்டுக்காரரின் எல்லாப் பாட்டும் அப்படித்தான் முடியும். அது அவர் முத்திரை. சந்தேகமே இல்லை, அவர் பாட்டுத்தான் என்று எல்லோரும் கை தட்டினார்கள்.

பெரியவள் கை தட்டவில்லை. பாட்டுக்காரர் அவளுடைய அப்பா. அவர் ஆற்றோடு போனபோது ஆற்றின்மேல் இருந்தது மரப்பலகைப் பாலம். பேருக்கு ஒரு விளக்குக் கிடையாது. மஞ்சள் விளக்குப் பாலம் கட்டி முடித்தபோது, அவள் படித்து முடித்து மருந்துக்கடையில் வேலைக்கே சேர்ந்துவிட்டிருந்தாள். செத்துப்போனவருக்கு அந்த விளக்கு எப்படித் தெரியும்?

ஊருக்கு அந்தக் கணக்குப் போடத் தோன்றவில்லை. பிடித்த பாட்டுக்கு யார் வருஷம் பார்க்கிறார்கள்.

"யாருகிட்ட கத்துக்கிட்டீங்க?" என்று அவள்தான் தாடியிடம் கேட்டாள்.

"எங்க ஊர் மரக் கிடங்குல காவலுக்கு ஒரு பெரியவர் இருக்கார்மா. விழாவன்னிக்குக் கூட்டிட்டு வரேன். நீங்களே கேளுங்க."

இதை முந்தாநாள்தான் வீட்டில் சொன்னாள். மறுநாளே அம்மா போய்த் தாழ்ப்பாள் வாங்கி வந்தாள்.

இப்போது அடுப்படியில் அம்மா டீ ஊற்றினாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. அம்மா இப்படி நிதானமாக இருந்தால் உள்ளே என்னவோ கொதிக்கிறது என்று பெரியவளுக்குத் தெரியும்.

"அம்மா, அப்பா ஆத்துல போகலையா?"

அம்மா அடுப்பை அணைத்தாள். "போகல."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"அன்னிக்கே தெரியும். வாசல் வழியாத்தானே போனார். நான்தானே போகச் சொன்னேன்."

சுற்றி வளைத்துப் பேசுகிற வழக்கம் அம்மாவுக்குக் கிடையாது. டம்ளரைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். வெள்ளம் வந்த அன்று அவர் குடித்திருக்கவில்லை. குடிச்சாத்தான் அடிப்பார் என்று நாலு பெண்கள் சொல்லிக்கொள்கிற சமாதானம்கூட அவளுக்குக் கிடைக்கவில்லை. தெளிவாக இருந்தார். ஒரு பாட்டு பாதியில் நின்றுபோன கோபம். முதலில் அம்மாவின் கையை முறுக்கினார். அப்புறம் கட்டிலுக்கு அடியில் ஒளிந்திருந்த பெரியவளின் காலைப் பிடித்து இழுத்தார். அப்போதுதான் அம்மா விறகுக் கோடாலியைக் கையில் எடுத்தாள்.

"என் மூஞ்சியப் பார்த்தார். நான் வெட்டிடுவேன்னு அவருக்குத் தெரிஞ்சுபோச்சு. மழையில எறங்கி ஆத்துக்கு எதிர்ப்பக்கமாப் போயிட்டார். செருப்பக்கூடப் போடல. மறுநாள் பார்த்தா பாலத்துல பாதியக் காணோம். உங்க வீட்டுக்காரர் எங்கன்னு ஆளாளுக்கு வந்து கேட்டாங்க. நான் அந்தச் செருப்ப எடுத்துட்டுப் போயி பாலத்து முனையில வச்சுட்டு வந்தேன்."

"ஏம்மா?"

"ஓடிப்போனவர்னா தேடுவாங்க. கண்டுபிடிச்சுப் புத்தி சொல்லிக் கொண்டுவந்து விட்டுடுவாங்க. செத்தவரை யாரால கூட்டிட்டு வர முடியும்?" அம்மா டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். "ஒரு மாசம் அழுவாங்க, அப்புறம் மறந்துடுவாங்கன்னு நெனச்சேன். இவங்க விழா எடுப்பாங்கன்னு நான் கண்டேனா?"

"தம்பிக்கு?"

"அவனுக்கு ஒண்ணும் தெரிய வேணாம். அப்ப கைக்குழந்தை. பாட்டு வாத்தியார்னு ஊர் அவனைக் கூப்பிடறதே அவர் பாட்டாலதான். நீ கிளம்பு. நான் வரல. எந்த வருஷம்தான் வந்தேன்."

பெரியவள் வெளியே வந்ததும் உள்ளே முன்கதவு தாழ் விழும் சத்தம் கேட்டது. பின்னாலேயே பலகையோ பெட்டியோ இழுத்து வைக்கும் சத்தமும் கேட்டது.

மரம் அறுக்கும் மில் மூடிப் பல வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் அதன் முற்றத்தில் கால் வைத்தால் பச்சை மரத்தின் வாசனை மூக்கில் ஏறும். பெரிய ரம்பம் இருந்த இடத்தில்தான் மேடை. மேடைக்குப் பின்னால் பாட்டுக்காரரின் படம், ஆள் உயரத்துக்கு. சுருள் முடி, உப்பிய கன்னம், முப்பது வயசுச் சிரிப்பு. முன்வரிசையில் நடுநாற்காலியில் யாரும் உட்காராதபடி வெள்ளைத் துணி போர்த்தியிருந்தார்கள். அது அம்மாவின் நாற்காலி. பாவம், தாங்க மாட்டாள், அதனால்தான் வருவதில்லை என்று சொல்லி ஊர் ஒவ்வொரு வருஷமும் அதைக் காலியாகவே வைத்திருந்தது.

ஃபோர்மன் மாமா அவளைக் கை தட்டிக் கூப்பிட்டார். மில் ஓடிய காலத்தில் அவர் இருமினால் ரம்பம் நிற்கும். இப்போது விழாக் கமிட்டிக்குத் தலைவர்.

"வா மகளே. எனக்குப் பல்லு போச்சு, பேசினா பாதி எழுத்து காத்தாப் போயிடுது. அதான் இந்த வருஷம் வரலாறு சொல்ற வேலைய உன் தலையில கட்டினேன். முதல் வருஷத்தைச் சொல்லு, பார்ப்போம்."

பெரியவள் சொன்னாள். வாய் தானாகச் சொன்னது.

"அப்பா போய் ஒரு வருஷம் கழிச்சு, சாப்பாட்டு வேளையில, மரம் ஏத்தறவங்க நாலஞ்சு பேர் மில் கேட்ல நின்னு அவர் பாட்டப் பாடினாங்க. மைக் இல்ல, மேடை இல்ல. சங்கு ஊதியும் ஒருத்தரும் உள்ள போகல. ஃபோர்மன் வந்தார். வையப் போறார்னு எல்லாரும் நடுங்கினாங்க. அவர் தொப்பியக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டு நின்னார்."

"அந்த அரை நாளுக்குச் சம்பளத்தப் பிடிச்சேன், அதையும் சொல்லு. வரலாறுன்னா முழுசாச் சொல்லணும்."

அவர் சிரித்தார். அவளுக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

முழுசாக என்றால் எவ்வளவோ இருந்தது. பாலம் இல்லாத வருஷத்தில் அக்கரை ஆட்கள் தோல் மேளங்களைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு படகில் வந்தார்கள். ஊர் இரண்டுபட்ட வருஷம் ஒன்று உண்டு. வெறும் குரலில்தான் பாட வேண்டும் என்று பாதிப்பேர், கீபோர்டு இல்லாமல் எவன் கேட்பான் என்று பாதிப்பேர். ஒரே நாளில், ஒரே தெருவின் இரண்டு முனையிலும் இரண்டு விழா. நடுவில் இருந்த தையல்கடைக்காரம்மா காதில் பஞ்சை வைத்துக்கொண்டு தைத்தாள். இரண்டு கட்சிக்காரர்களும் அம்மாவைத் தங்கள் மேடைக்குக் கூப்பிட வந்தார்கள். அவள் கதவைத் திறக்கவே இல்லை. அந்த வெட்கத்தில்தான் ஊர் மறுபடி ஒன்றுசேர்ந்தது. கொள்ளைநோய் வருஷத்தில் ஆளுக்கொரு ஜன்னலில் நின்று பாடினார்கள். மில் மூடியபோது, இனி இந்த ஊரில் என்ன இருக்கிறது என்று லாரிகூட உள்ளே வராமல் போனது. விழாதான் ஆட்களைத் திரும்பக் கொண்டுவந்தது. விடுதி வந்தது, டீக்கடைகள் வந்தன. ஊரின் பெயரைக் கேட்டால், 'ஓ, பாட்டுக்காரர் ஊரா' என்றார்கள்.

எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு ஜோடிச் செருப்பு. அதைப் பிடுங்கினால் எது நிற்கும், எது விழும்?

"அக்கா, இங்க வா." தம்பி தோளில் வயர் சுருளோடு ஜெனரேட்டருக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினான்.

அங்கே சத்தத்தில் பேசுவது யாருக்கும் கேட்காது. அதற்காகவே கூப்பிட்டிருந்தான்.

"தாடி போன் பண்ணினார். வந்துக்கிட்டே இருக்காங்களாம். அந்தப் பெரியவரும் வரார்."

"சரி."

"சும்மா சரின்னு சொல்லாத. பாலத்துப் பாட்டக் கேட்டப்போ உன் மூஞ்சியப் பார்த்தேன். உனக்குத் தோணினதுதான் எனக்கும் தோணுச்சு." அவன் கண் பளபளத்தது. "அப்பா உயிரோட இருக்கார்க்கா. வெள்ளம் எங்கயோ கொண்டுபோய்க் கரையில தள்ளியிருக்கும். தலையில அடிபட்டு எல்லாம் மறந்திருக்கும். இப்பத்தான் கொஞ்சம் கொஞ்சமா ஞாபகம் வந்திருக்கும்."

அவன் எத்தனை நாளாக இதைக் கோத்து வைத்திருந்தானோ. ஒரு இடத்திலும் ஓட்டை இல்லை.

"நீ வரலாறு சொல்லி முடிச்சதும் எல்லாரும் எந்திரிச்சு மௌனமா நிப்பாங்க இல்ல, அப்ப நான் மைக்கப் பிடிக்கப் போறேன். யாருக்காக நின்னீங்களோ அவர் இங்கயே இருக்கார்னு சொல்லி மேடையில ஏத்தப் போறேன். அப்புறம் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவேன். அம்மா மூஞ்சியப் பார்க்கணும் அப்போ."

பெரியவள் அவன் கையைப் பிடித்தாள். சொல்லக் கூடாது என்று காலையில் அம்மா சொல்லித்தான் அனுப்பியிருந்தாள். ஆனால் சொல்லாமல் விட்டால் சாயங்காலம் அவர் வீட்டுக்குள் இருப்பார்.

"தம்பி, நீ கடைசியில பாடுவியே தாலாட்டு. கதவத் தட்டுறது காத்தண்ணே, கண்ண மூடு கண்மணியே. அந்த வரி யாருது தெரியுமா?"

"அப்பாது."

"அம்மாது. கட்டிலுக்கு அடியில, உன்ன மடியில போட்டுக்கிட்டு, என் வாயப் பொத்திக்கிட்டு, காத்துதான் கண்ணு, காத்துதான்னு காதுல சொல்லுவா. தட்டினது யாருன்னு நெனக்கிற? வெளிய நின்னு அதக் கேட்டவர் பாட்டாக்கிட்டார். அதுக்கப்புறம்தான் பழைய பாட்டையும் சேர்த்து எல்லாப் பாட்டுலயும் காத்தண்ணே வந்துது."

அவன் கையை உருவிக்கொண்டான். "பொய்."

"ஆத்துல போகல அவர். அம்மா துரத்திவிட்டா."

"இதெல்லாம் அம்மா சொல்லிக் குடுத்தாளா?"

"என் கால் எத்தனை தடவை வீங்கியிருக்குன்னு அம்மா சொல்லிக் குடுக்கணுமா?"

தம்பி தோளிலிருந்து நழுவிய வயரைச் சரிசெய்துகொண்டான். பிறகு மெதுவாகக் கேட்டான்: "ஒரு மனுஷன் இத்தனை வருஷத்துல மாறவே மாட்டானா?"

மாறியிருக்கலாம். யார் கண்டார்கள். ஆனால் அதைச் சோதித்துப் பார்க்க அம்மாவையா கொடுப்பது?

"வரட்டும். நான் நேர்ல பார்த்துத் தீர்மானிக்கிறேன்" என்றான்.

"என்னத்தப் பார்ப்ப? அவர் ஒரு அடி பாடுவார். நீ உருகிடுவ."

அவன் வயரை இழுத்துக்கொண்டு போய்விட்டான்.

லாரி வந்தது அவள் கண்ணுக்குத் தெரியவில்லை. காற்று பிரேக் 'உஸ்' என்று மூச்சு விட்ட சத்தம்தான் முதலில் கேட்டது. அடுத்து அவளுக்கு நினைவு வந்தபோது, அடுக்கி வைத்த நாற்காலிகளுக்குப் பின்னால் முழங்காலில் இருந்தாள். ஒரு கை தன் வாயையே பொத்தியிருந்தது. அப்பா மில் லாரி ஓட்டியவர். தெருமுனையில் அந்தச் சத்தம் கேட்டால் கட்டிலுக்கு அடியில் போய்விட வேண்டும். இத்தனை வருஷம் கழித்தும் உடம்பு அதை மறக்கவில்லை.

"ஏதாவது விழுந்துடுச்சாம்மா?" என்று யாரோ கேட்டார்கள்.

"தோடு" என்று சொல்லி எழுந்தாள்.

எழுந்தபோது அவர் முன்வரிசையில் இருந்தார். வெள்ளைத் துணியை மடித்துக் கீழே வைத்துவிட்டு, அம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மொட்டையடித்த தலை, ஒட்டிய கன்னம், நரைத்த முள்தாடி. மேடைப் படத்துக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஊர் தலைக்குள் இருப்பது அந்தப் படம்தான். ஃபோர்மன் மாமாவே அவரைத் தாண்டிப் போனார், திரும்பிப் பார்க்கவில்லை.

கைகள் மட்டும் அப்படியே இருந்தன. பெரிய கைகள். முழங்கால்மேல் சும்மா கிடந்தன.

"கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்று அவர் அவளைப் பார்த்துக் கேட்டார்.

கொண்டுவந்து கொடுத்தாள். ஏன் கொடுத்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை. அவர் நிதானமாகக் குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டார்.

"பெரியவதானே நீ?"

அவள் காலி டம்ளரை வாங்கிக்கொண்டாள்.

"மருந்துக்கடையில இருக்கியாம். சின்னவன் பாட்டு சொல்லித் தரானாம். எல்லாம் விசாரிச்சேன். அம்மா வரலியா? இது அவ நாற்காலின்னு சொன்னாங்க. காலியா இருக்கேன்னு உக்காந்தேன்."

"எதுக்கு வந்தீங்க?"

"என் விழாவுக்கு நான் வரக் கூடாதா?" குரல் தாழ்ந்து இதமாக இருந்தது. கை ஓங்குவதற்கு முன்னால் அந்தக் குரல் எப்போதும் இப்படித்தான் இதமாகும். "வயசாயிடுச்சும்மா. சொந்த வீட்டுல படுக்க ஒரு கட்டில் கிடைச்சாப் போதும். அந்தப் பழைய கட்டில் இன்னும் இருக்கா?"

மேடையில் ஃபோர்மன் மாமா அவளைக் கூப்பிட்டார். கால் எப்படி நகர்ந்தது என்று தெரியாது, அவள் படி ஏறி மைக்குக்கு முன்னால் நின்றாள்.

முற்றம் நிறைந்திருந்தது. சுவரின்மேல்கூட ஆட்கள். அவள் மில் கேட்டில் தொடங்கினாள். சம்பளம் பிடித்ததைச் சொன்னாள், எல்லோரும் சிரித்தார்கள். படகில் வந்த மேளங்களைச் சொன்னாள், அக்கரைக்காரர்கள் ஆரவாரம் செய்தார்கள். தையல்கடைக்காரம்மாவின் பஞ்சைச் சொன்னாள். இனி மிச்சம் இருந்தது ஒன்றுதான், எல்லாவற்றுக்கும் முதலில் நடந்தது.

அவர் நாற்காலியில் சாய்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். மேடை ஓரத்தில் தம்பி இன்னொரு மைக்கோடு நின்றான்.

உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று அவள் யோசித்தாள். நம்புகிறவன் நம்புவான், நம்பாதவன் அம்மாவைத் தூற்றுவான். எப்படியானாலும் அவர் உயிரோடு எழுந்துவிடுவார். உயிரோடு இருக்கிறவருக்கு வீடு உண்டு, மனைவி உண்டு, கட்டில் உண்டு. செத்தவருக்கு இருப்பது விழா மட்டும்தான்.

"வெள்ளம் வந்த அன்னிக்கு எங்க அப்பா ஆத்தோட போனார்" என்றாள். ஸ்பீக்கர்கள் அதைத் தெருத்தெருவாகக் கொண்டுபோயின. "அவர் செருப்பு பாலத்து முனையில கிடந்துச்சு. உடம்பு கிடைக்கல. ஆனா அவர் போயிட்டார்ங்கறதுல எங்க வீட்டுல யாருக்கும் சந்தேகம் இருந்ததில்ல. இனிமே அவர் பேரைச் சொல்லிக்கிட்டு யார் வந்து நின்னாலும், அது அவர் இல்ல."

எவ்வளவு அழகாகச் சொல்லிவிட்டாள் என்று முன்வரிசையில் ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஃபோர்மன் மாமா கையை உயர்த்தினார். முற்றம் முழுக்க எழுந்து தலை குனிந்தது. நடுநாற்காலியில் அவர் ஒருவர் மட்டும் உட்கார்ந்திருந்தார்.

பின்வரிசையிலிருந்து ஒரு பெண் அவர் தோளைத் தொட்டாள். "பெரியவரே, எந்திரிங்க. செத்தவருக்கு மரியாதை."

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். சுற்றிலும் பார்த்தார். பிறகு எழுந்து நின்றார்.

மௌனம் முடிந்தது. தம்பி மைக்கோடு முன்னால் வந்தான். அவன் அவரைப் பார்த்தான், அவர் அவனைப் பார்த்தார். அவர் லேசாகத் தலையசைத்தார், ம், சொல்லு என்பது போல.

தம்பியின் வாய் ஒருமுறை திறந்து மூடியது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு தாலாட்டைத் தொடங்கினான்.

பெரியவள் மேடைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தாள். நடுநாற்காலி காலியாக இருந்தது.

டீக் கடை அருகே தாடி நின்றிருந்தார். "அவர் எங்க?"

"பழைய வீட்டப் பார்த்துட்டு வரேன்னாரேம்மா. உங்களுக்குச் சொந்தக்காரராமே."

அவள் ஓடினாள்.

ஏறக்குறைய ஊரே மில்லில் இருந்ததால் தெரு வெறிச்சோடிக் கிடந்தது. கம்பத்துக்குக் கம்பம் ஸ்பீக்கரில் தம்பியின் குரல். அந்தக் குரலுக்குக் கீழே, வெகு முன்னால், அவர் போய்க்கொண்டிருந்தார். அவசரமே இல்லை. வழி கேட்கவும் இல்லை. பெரியவள் எவ்வளவு ஓடியும் அவர் முதுகு நெருங்குவதாகத் தெரியவில்லை. உள்ளே பலகையை அணைத்துக்கொண்டு அம்மா தனியாக உட்கார்ந்திருப்பாள் என்ற நினைப்பே அவளைத் தள்ளியது.

அம்மா உள்ளே இல்லை.

வேலிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, வெளியே போகும்போது போர்த்துகிற சாம்பல் சால்வையோடு வாசலில் நின்றாள். தலை வாரியிருந்தாள். வீட்டுக் கதவு பின்னால் விரியத் திறந்திருந்தது. மகள் மேடையில் சொன்னதைக் கம்பத்து ஸ்பீக்கரில் அவளும் கேட்டிருந்தாள்.

அவர் இரண்டு அடி தள்ளி நின்றார். "நல்லா இருக்கியா?"

"யாருங்க நீங்க?" என்றாள் அம்மா. சத்தமாக, தெருவுக்கே கேட்கிற மாதிரி. "யார் வேணும் உங்களுக்கு?"

"என்னத் தெரியலியா?"

"தெரியலிங்களே."

சத்தம் கேட்டு, விழாவுக்கும் போகாமல் தைத்துக்கொண்டிருந்த தையல்கடைக்காரம்மா கடைவாசலுக்கு வந்தாள். "யாருக்கா அது?"

"யாரோ வழி தவறி வந்துட்டார் போல" என்றாள் அம்மா, அவரிடமிருந்து கண்ணை எடுக்காமல். "எங்க வீட்டுக்காரரக் கேக்கறார். அவர் ஆத்தோட போயிட்டார்னு இவருக்குத் தெரியாதாம்."

"அடப் பாவமே" என்றாள் தையல்கடைக்காரம்மா. "எந்த ஊருங்க பெரியவரே உங்களுக்கு?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "நான் ஒரு வார்த்தை சொன்னேன்னு வையி, உன் மானம் சந்தி சிரிக்கும்."

அம்மாவும் குரலைத் தாழ்த்தினாள். "சொல்லுங்க. மேடையிலயே ஏறிச் சொல்லுங்க. பொண்டாட்டி புள்ளைங்கள அநாதையா விட்டுட்டு இத்தனை வருஷம் உயிரோடதான் இருந்தேன்னு சொல்லுங்க. அந்த ஆளுக்கு இந்த ஊர் விழா எடுக்குமா, கல்லெடுக்குமான்னு பார்த்துடலாம்."

அவருடைய பெரிய கைகள் ஒருமுறை மூடித் திறந்தன.

பெரியவள் மூச்சிரைக்க வந்து அம்மாவின் பக்கத்தில் நின்றாள். கிட்டே வந்த பிறகுதான் தெரிந்தது. அம்மா வேலிக் கதவைப் பிடித்திருக்கவில்லை, அதில் தொங்கிக்கொண்டிருந்தாள். சால்வைக்கு உள்ளே உடம்பு முழுக்கக் கிடுகிடுவென்று ஆடியது. பெரியவள் அவள் இடுப்பைச் சுற்றிக் கை போட்டுத் தாங்கினாள்.

அவர் ஒரு அடி பின்னால் வைத்தார். போய்விடுவார் என்றுதான் தோன்றியது. வந்த வழியை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

அப்போது ஸ்பீக்கரில் பாட்டு பாதி வரியில் அறுந்தது. என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று ஃபோர்மன் மாமாவின் குரல் கேட்டது. மைக்கை யாரோ தட்டினார்கள். பிறகு தெருமுனையில் ஓடிவரும் காலடிச் சத்தம்.

தம்பி வந்து நடுவில் நின்றான். வேர்வையில் சட்டை ஒட்டியிருந்தது. அவன் அவரைக் கிட்டத்தில் பார்த்தான். அந்த முகத்தில் தன் காதை, தன் நெற்றியை, தன் புருவத்தைத் தேடிக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தது அவன் பார்வை.

"சின்னவனே" என்றார் அவர். கை அவன் தோளுக்கு நீண்டது.

தம்பி விலகவும் இல்லை, நெருங்கவும் இல்லை. அம்மாவின் பக்கம் திரும்பினான்.

"நீ சொல்லும்மா. நீ சொன்னா நம்பறேன். யாரும்மா இவர்?"

தெருவுக்கு முன்னால் கண் இமைக்காமல் பொய் சொன்னவள், மகனின் முகத்தைப் பார்த்து, தெருவுக்குக் கேட்காத குரலில் பேச வாயைத் திறந்தாள். பெரியவளின் கைக்குள் அந்த நடுக்கம் சட்டென்று நின்றுபோனது.